இஃப் போடுவதா, ட்ரை போடுவதா: அறிகுறியைப் பார்த்து பைத்தான் நிரலைச் சரிசெய்வது

பைத்தானில் ஒரு வேலை தவறிப்போக வாய்ப்பு இருந்தால், அதை எதிர்கொள்ள இரண்டு வழிகள். ஆழம் பார்த்துக் காலை விடுவது ஒன்று: இஃப் போட்டு முதலில் கேட்டுவிட்டு அப்புறம் செய்வது. நேராக இறங்கிவிட்டு, வழுக்கினால் பிடித்துக்கொள்வது இன்னொன்று: வேலையை ட்ரைக்குள் செய்து, தவறினால் எக்செப்டில் சமாளிப்பது. பைத்தான் எழுதுகிறவர்களுக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும் என்று பலரும் சொல்வதைக் கேட்டு, எங்கு பார்த்தாலும் ட்ரை போட்டு வைத்திருக்கும் நிரல்களை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் நான்கு இஃப் நிற்கும் நிரல்களையும் திருத்தியிருக்கிறேன். இரண்டிலும் வரும் கோளாறுகள் வேறு வேறு. அதனால் வெளியே தெரியும் அறிகுறியை வைத்தே எந்தப் பக்கம் மாற வேண்டும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அறிகுறிகளுக்குள் போகும் முன் ஒன்று. "இது நடக்குமா?" என்ற கேள்விக்கு இந்த இடத்தில் உண்மையான பதில் யாருக்குத் தெரியும் என்று கேட்டுப்பாருங்கள். இஃப் போடும்போது, அடுத்த வரி செய்யப்போகும் வேலையின் விதியை நாமே இன்னொரு முறை எழுதுகிறோம். அந்த நகல் அசலோடு பொருந்தாமல் போகலாம்; எழுதும்போது பொருந்தி, அடுத்த நொடியே பழசாகிவிடலாம். எக்செப்ஷன், அதாவது வேலை தவறும்போது எழும் பிழை, அப்படியல்ல; அது வேலையே வாய் திறந்து சொல்லும் பதில். ஆனால் ட்ரைக்குள் பத்து வரிகள் இருந்தால் எந்த வரி பேசியது என்று எக்செப்ட் பிரித்துப் பார்க்காது. அதோடு, வேலை தன் கணக்கில் தவறென்று கருதாத விஷயத்துக்கு எக்செப்ஷன் வரவே வராது.

"கோப்பு இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் திறக்கிறேன். ஆனாலும் விழுகிறது"

நிரல் பார்க்க இப்படி இருக்கும்:

இஃப் எக்ஸிஸ்ட்ஸ்(பாதை):
    கோப்பு = ஓப்பன்(பாதை)

உங்கள் கணினியில் ஆயிரம் முறை ஓட்டினாலும் சரியாக ஓடும். வேறொரு இயந்திரத்தில், பளு கூடிய நேரத்தில், எப்போதாவது ஒருமுறை ஓப்பன் வரியில் ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர் வரும். முதல் வரி கேள்வி கேட்டது, இரண்டாவது வரி வேலையைச் செய்தது. நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி. அந்த இடைவெளியில் வேறொரு நிரல் கோப்பை அழித்துவிட்டால், கையில் இருக்கும் "ஆம்" என்ற பதில் செத்த பதில். உங்கள் நிரலின் இரண்டு பிரதிகள் ஒரே சமயத்தில் ஓடினாலே இது போதும்.

இடைவெளி மட்டும்தான் சிக்கல் என்றில்லை. கேள்வியும் தப்பான கேள்வி. அந்தப் பாதையில் ஒரு கோப்புறை இருந்தாலும் எக்ஸிஸ்ட்ஸ் ஆம் என்றுதான் சொல்லும். அதை ஓப்பன் செய்யப் போனால் லினக்ஸில் இஸ்அடைரக்டரிஎரர் வரும். கோப்பு இருந்தும் படிக்க உரிமை இல்லாவிட்டால் அப்போதும் ஆம்தான், திறக்கும்போது பெர்மிஷன்எரர். கோப்பு இருக்கும் கோப்புறைக்குள் நுழையவே உரிமை இல்லையென்றால், கோப்பு இருந்தும் "இல்லை" என்று பதில் வரலாம். நாம் கேட்டது "இருக்கிறதா" என்று. கேட்க வேண்டியது "இந்த நொடியில் என்னால் திறக்க முடியுமா" என்று. அதற்குப் பதில் தெரிந்தது இயங்குதளத்துக்கு மட்டும்தான், அதுவும் திறந்து பார்க்கும்போதுதான்.

ஆகவே இங்கே இஃபை எடுத்துவிடுங்கள். நேராகத் திறந்து, பிடிக்க வேண்டியதை மட்டும் பிடியுங்கள்:

ட்ரை:
    கோப்பு = ஓப்பன்(பாதை)
எக்செப்ட் ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர்:
    அமைப்புகள் = வழக்கமானவை
எல்ஸ்:
    வித் கோப்பு:
        அமைப்புகள் = படி(கோப்பு)

கடைசியில் இருக்கும் எல்ஸைக் கவனியுங்கள்; ட்ரையில் பிழை வராவிட்டால் மட்டும் அது ஓடும். படிக்கும் வேலையை ட்ரைக்குள் வைக்காமல் எல்ஸில் வைத்ததற்குக் காரணம் உண்டு. "படி" என்ற ஃபங்ஷன் தனக்குள் வேறொரு கோப்பைத் தேடி, அது கிடைக்காமல் அதே ஃபைல்நாட்ஃபவுண்ட்எரரைக் கிளப்பினால், நம் எக்செப்ட் அதையும் விழுங்கிவிட்டு "அமைப்புக் கோப்பு இல்லை போலிருக்கிறது" என்று முடிவு கட்டிவிடும். எல்ஸில் வைத்தால் அந்தக் குழப்பமே இல்லை. ட்ரையோடு எல்ஸ் வரும் என்பதைப் பல வருடம் பைத்தான் எழுதியவர்கள்கூடப் பயன்படுத்துவது குறைவு. பழக்கிக்கொள்ளுங்கள், அவ்வளவு உதவும்.

பிழையைப் பெயர் சொல்லிப் பிடிக்க முடிவதும் முன்பு இவ்வளவு எளிதாக இல்லை. பைத்தான் 3.3இல்தான் இயங்குதளப் பிழைகளைச் சீரமைத்து, கோப்பு இல்லாததற்கு ஒன்று, உரிமை இல்லாததற்கு ஒன்று, ஏற்கெனவே இருப்பதற்கு ஒன்று என்று தனித்தனி வகைகள் கொடுத்தார்கள். அதற்கு முன் பொதுவான ஒரு பிழையைப் பிடித்து, உள்ளே இருக்கும் எண்ணைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். பழைய நிரல்களில் அந்த மாதிரி வரிகளைப் பார்த்தால் துணிந்து மாற்றலாம்.

இதே நோயின் வேறு சில முகங்களும் உண்டு. "கோப்பு ஏற்கெனவே இல்லையென்றால் மட்டும் புதிதாக உருவாக்கு" என்று எழுதப்போனால், இஃப் வேண்டாம். ஓப்பனின் பயன்முறையாக "டபிள்யூ"வுக்குப் பதில் "எக்ஸ்" கொடுங்கள். கோப்பு இருந்தால் ஃபைல்எக்ஸிஸ்ட்ஸ்எரர் வரும், இரண்டு பிரதிகள் போட்டி போட்டாலும் ஒன்றுதான் ஜெயிக்கும். கோப்புறை உருவாக்கும்போது மேக்டர்ஸுக்கு எக்ஸிஸ்ட்_ஓகே (ஏற்கெனவே இருந்தால் பரவாயில்லை) என்ற வாய்ப்பு உண்டு. அழிக்கும்போது பாத்லிப் மாட்யூலின் அன்லிங்க்குக்கு மிஸ்ஸிங்_ஓகே (இல்லாவிட்டால் பரவாயில்லை) உண்டு, 3.8இலிருந்து. இவை இருக்கும்போது இஃபும் வேண்டாம், ட்ரையும் வேண்டாம்.

கியூவில், அதாவது திரெட்கள் (ஒரே நிரலுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் கிளைகள்) வேலைகளைக் கைமாற்றும் வரிசையில், இது விழாது, தொங்கும். "காலியாக இல்லையா? சரி, ஒன்றை எடு" என்று எம்ப்டியைக் கேட்டுவிட்டு கெட் செய்தால், நடுவில் இன்னொரு திரெட் கடைசியாக இருந்ததை எடுத்துக்கொண்டு போயிருக்கும். கெட் அடுத்தது வரும்வரை காத்துக்கொண்டே நிற்கும். பிழையும் இல்லை, நகர்வும் இல்லை. கெட்_நோவெய்ட் போட்டு, கியூ காலி என்ற எக்செப்ஷனைப் பிடிப்பதுதான் வழி.

டேட்டாபேஸில் "இந்த மின்னஞ்சல் ஏற்கெனவே இருக்கிறதா" என்று செலக்ட் கட்டளையால் தேடிப் பார்த்துவிட்டு, இன்செர்ட் கட்டளையால் சேர்க்கிறீர்களா? ஒரே பயனர் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் இரண்டு பதிவுகள் வரலாம். அட்டவணையின் அந்த நெடுவரிசையில் யூனிக் (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது) கட்டுப்பாடு வையுங்கள், இன்செர்ட்டை நேராகச் செய்யுங்கள், அதை மீறினால் வரும் இன்டெக்ரிட்டிஎரரைப் பிடியுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைப் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும்: முழுதும் நடக்கும் அல்லது எதுவும் நடக்காது என்று பல கட்டளைகளைக் கட்டிவைக்கும் ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்குள் பிழை வந்துவிட்டால், ரோல்பேக் செய்து பின்வாங்கும்வரை அதில் அடுத்த எந்தக் கட்டளையும் ஓடாது. பைத்தான் பக்கம் பிடித்துவிட்டோம் என்பதற்காக அந்தப் பக்கம் சரியாகிவிடாது. அதுவரை மட்டும் திரும்பிவர ஒரு சேவ்பாயின்ட் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மோதினால் என்ன செய்வதென்று ஆன் கான்ஃப்ளிக்ட் மூலம் எஸ்க்யூஎல்லிலேயே சொல்லிவிடுங்கள்.

"எண்தான் என்று உறுதி செய்த பிறகும் இன்ட் விழுகிறது. சரியான எண்களையோ திருப்பி அனுப்புகிறது"

ஒரு சரம் (எழுத்துகளின் தொடர்) முழுதும் இலக்கங்களா என்று இஸ்டிஜிட்டைக் கேட்டுவிட்டு, அதை எண்ணாக மாற்ற இன்ட் செய்கிறீர்கள். சரியா?

இங்கே இடைவெளி ஒன்றும் இல்லை; சரத்தை நடுவில் யாரும் மாற்றப்போவதில்லை. சிக்கல் நகல் விதி அசலோடு பொருந்தாததில். "-5" என்று கொடுத்துப்பாருங்கள்: இஸ்டிஜிட் இல்லை என்கிறது, இன்ட் ஏற்றுக்கொள்கிறது. முன்னும் பின்னும் வெற்றிடத்தோடு " 42 " கொடுங்கள்: அதே கதை. "1_000" கொடுங்கள்: பைத்தான் 3.6இலிருந்து இன்ட் அதை ஆயிரம் என்று படிக்கும், இஸ்டிஜிட் தள்ளிவிடும். மறுபக்கம், வர்க்கக் குறியாக மேலே எழுதும் சின்ன இரண்டை, அதாவது "²" என்ற எழுத்தைக் கொடுங்கள்: இஸ்டிஜிட் ஆம் என்கிறது, இன்ட் வேல்யூஎரரோடு விழுகிறது.

நம் எழுத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம், நான் புதியவர்களுக்கு எப்போதும் இதைத்தான் காட்டுவேன். "௧௨" என்ற சரத்தை இன்ட்டுக்குக் கொடுத்தால் 12 என்று அழகாக விடை தரும். தமிழ் எண்ணுருக்களைப் பைத்தான் இயல்பாகவே படிக்கும். இப்போது பத்தைக் குறிக்கும் "௰" கொடுங்கள். இஸ்நியூமரிக் ஆம் என்று சொல்லும், இஸ்டிஜிட் இல்லை என்று சொல்லும், இன்ட் வேல்யூஎரர் கொடுக்கும். "எண்ணா?" என்ற ஒரே கேள்விக்கு மூன்று இடத்தில் மூன்று விதிகள். இஸ்டெசிமல்தான் இன்ட்டுக்கு மிக அருகில் வருவது. ஆனால் அதையும் முழுதாக நம்ப முடியாது: 4300 இலக்கங்களைத் தாண்டும் சரத்தை இன்ட் ஏற்காது என்று 2022இல் பாதுகாப்புக் காரணத்துக்காக ஒரு வரம்பு வந்தது. அதற்கு முன் எழுதிய எந்தச் சோதனைக்கும் இந்த விதி தெரிந்திருக்க வழியில்லை. இன்ட்டுக்குத் தெரியும்.

இங்கே ட்ரைதான். இன்ட் வரியை மட்டும் உள்ளே வைத்து, வேல்யூஎரரைப் பிடியுங்கள். வரும் மதிப்பு நன் ("மதிப்பே இல்லை" என்பதற்கான பைத்தான் குறி) ஆகவும் இருக்கலாம் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: இன்ட்டுக்கு நன் கொடுத்தால் வருவது வேல்யூஎரர் இல்லை, டைப்எரர். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதைவிட, நன் எங்கிருந்து வந்தது என்று தேடுவதுதான் நல்லது. படிவத்தில் பயனர் தப்பாகத் தட்டுவது அன்றாடம் நடப்பது, வேல்யூஎரர். மதிப்பே வராமல் போவது பெரும்பாலும் நம் நிரலின் பிழை. அதை விழ விடுங்கள்.

"பிழையே வரவில்லை. விடைதான் தப்பு"

இதுதான் எனக்கு அதிகம் பயம் தரும் அறிகுறி. விழுகிற நிரலைத் தேடிப் பிடித்துவிடலாம். சத்தமில்லாமல் தப்பு செய்யும் நிரல் மாதக்கணக்கில் ஓடும்.

முதலில் இஃபின் பக்கம் பாருங்கள். டிக்‌ஷனரியிலிருந்து கெட் மூலம் ஒரு மதிப்பை எடுத்து, "இஃப் மதிப்பு" என்று கேட்டிருக்கிறீர்களா? சுழியமும் காலிச் சரமும் காலி லிஸ்ட்டும் அங்கே "இல்லை" என்றே ஆகும். தள்ளுபடி சுழியம் என்று பயனர் தெளிவாகக் கொடுத்திருப்பார். நிரல் "கொடுக்கவில்லை போல" என்று வழக்கமான தள்ளுபடியைப் போட்டுவிடும். "நன் இல்லையா" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். நன் என்பதே செல்லுபடியான மதிப்பாக இருக்கும் இடமென்றால் அதுவும் போதாது. அப்போது கெட்டை விட்டுவிட்டு, சதுர அடைப்பில் நேராக எடுத்து கீஎரரைப் பிடிப்பதுதான் "சாவி இல்லை" என்பதையும் "சாவி இருக்கிறது, மதிப்பு நன்" என்பதையும் பிரித்துக் காட்டும்.

அப்புறம் ட்ரையின் பக்கம். இன்டெக்ஸ்எரரைப் பிடிக்கத் தயாராக இருக்கிறீர்கள், ஆனால் அது வரவே இல்லை. கணக்கிட்ட இடம் -1 என்று வந்திருக்கும். பைத்தானில் -1 என்றால் கடைசி உறுப்பு. பிழை இல்லை, முறையான கோரிக்கை. ஃபைண்ட் கிடைக்காதபோது -1 தருவதால், அதை அப்படியே கொண்டுபோய் ஒரு லிஸ்ட்டிலோ சரத்திலோ போடும்போது இது அடிக்கடி நடக்கும். கிடைக்காவிட்டால் வேல்யூஎரர் எழுப்பும் இன்டெக்ஸ் என்ற முறையைப் பயன்படுத்துங்கள், அல்லது -1 தானா என்று இஃப் போட்டுப் பாருங்கள். லிஸ்ட்டின் ஒரு துண்டைக் கேட்கும் ஸ்லைஸும் இதேபோல் வாய் திறக்காது: மூன்று உறுப்புள்ள லிஸ்ட்டில் பத்திலிருந்து இருபதுவரை கேட்டால் காலி லிஸ்ட் வரும், அவ்வளவுதான்.

சரத்தைத் தசம எண்ணாக மாற்றும் ஃப்ளோட்டில் இன்னும் நுட்பமானது ஒன்று உண்டு. "என்ஏஎன்" என்ற மூன்று எழுத்துள்ள சரத்தை, எண்ணே அல்லாதது என்று பொருள்படும் அதை, ஃப்ளோட் மறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்ளும். முடிவிலியைக் குறிக்கும் சரத்தையும் அப்படியே. ட்ரை போட்டு வேல்யூஎரருக்குக் காத்திருந்தால் பலனில்லை. அடுத்த வரியில் "சுழியத்தைவிடச் சிறியதா? தள்ளு" என்று இஃப் வைத்திருந்தாலும் தப்பித்துவிடும், ஏனென்றால் அந்த மதிப்போடு செய்யும் சிறிது பெரிது ஒப்பீடு எதுவும் பொய் என்றே வரும். பிறகு அது ஒரு கூட்டுத்தொகைக்குள் நுழைந்தால் மொத்தமும் அதுவாகவே ஆகிவிடும். மேத் மாட்யூலின் இஸ்ஃபைனைட்டைக் கேளுங்கள். கூடவே, தள்ள வேண்டியதைக் கேட்காமல் ஏற்க வேண்டியதைக் கேளுங்கள்: "சுழியத்துக்கும் வரம்புக்கும் நடுவில் இருந்தால் ஏற்றுக்கொள்" என்று எழுதினால் ஒப்பீடு பொய்யாகும் எதுவும் தானாக வெளியே நின்றுவிடும்.

ஆக, வேலை தவறென்று கருதாத ஒன்றை உங்கள் தேவை தவறென்று கருதினால் இஃப்தான் வழி. இன்ட்டுக்கு வயது -7 ஒரு நல்ல எண். அது வயதாக இருக்க முடியாது என்பது உங்களுக்குத்தான் தெரியும். இந்த மாதிரிச் சோதனையில் பிடிபட்டால் ரெய்ஸ் போட்டு நீங்களே வேல்யூஎரர் எழுப்புங்கள். ஒன்று உண்மை இல்லையென்றால் நிரலை விழவைக்கும் அஸர்ட்டைப் போடாதீர்கள், பைத்தானை மைனஸ் ஓ என்ற வாய்ப்போடு ஓட்டினால் அஸர்ட் வரிகள் எல்லாம் காணாமல் போய்விடும்.

"நிரல் நன்றாக முடிந்தது என்கிறது. எதுவும் நடக்கவில்லை"

முன்பு நான் பார்த்துக்கொண்ட ஒரு நிரல், இரவில் ஓடி, வந்த கோப்புகளைப் படித்து, வரி வரியாக ஓர் அட்டவணையில் சேர்க்கும். ஒருநாள் ஓர் அறிக்கையில் எண்கள் குறைகின்றன என்று சொன்னார்கள். லாகை, அதாவது நிரல் தன் ஓட்டத்தைக் குறித்துவைக்கும் கோப்பை, திறந்தேன். ஒவ்வோர் இரவும் "முடிந்தது" என்று பச்சையாக இருந்தது. அட்டவணையில் பதினோரு நாளாகப் புதிதாக ஒரு வரிகூட இல்லை. லூப்புக்குள் இருந்தது இதுதான்:

ட்ரை:
    பதிவு = பிரி(வரி)
    தேதி = தேதியாக்கு(பதிவு["நாள்"])
    சேர்(பதிவு, தேதி)
எக்செப்ட் எக்செப்ஷன்:
    பாஸ்

மோசமான வரிகள் எப்போதாவது வரும், அவற்றைத் தாண்டிப் போகலாம் என்று நல்லெண்ணத்தில் எழுதியது. யாரோ தேதியாக்கு என்ற ஃபங்ஷனின் பெயரை மாற்றியிருந்தார்கள், இந்த இடத்தில் மட்டும் மாற்ற விட்டுப்போயிருந்தது. வந்தது நேம்எரர். அதுவும் ஓர் எக்செப்ஷன்தான், ஆகவே ஒவ்வொரு வரியிலும் பிடிபட்டு, ஒவ்வொரு முறையும் பாஸ், அதாவது ஒன்றும் செய்யாதே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த வரி அது. எழுதியவன் நான்தான் என்பதால் அந்தப் பதினோரு நாளை இன்றும் மறக்கவில்லை.

உங்கள் நிரலிலும் இந்த அறிகுறி இருந்தால் முதல் வேலை, எக்செப்டுக்குள் பாஸ் இருக்கும் இடங்களையெல்லாம் தேடிப் பட்டியலிடுவது. ஒவ்வொன்றிலும் மூன்று மாற்றங்கள்.

ட்ரைக்குள் இருக்கும் வரிகளைக் குறையுங்கள். மேலே உள்ளதில் எதிர்பார்த்த தவறு தேதி வடிவம் கெட்டுப்போவது மட்டும்தான். அந்த ஒரு வரி உள்ளே இருக்கட்டும், சேர்ப்பது வெளியே வரட்டும்.

பிடிக்கும் வகையைச் சுருக்குங்கள். எதைப் பிடிக்க வேண்டும் என்று தெரியவில்லையா? எக்செப்டை அப்படியே எடுத்துவிட்டு, கெட்ட தரவு ஒன்றைக் கொடுத்து விழ விடுங்கள். டிரேஸ்பேக்கின், அதாவது பிழை எங்கே எழுந்தது என்று காட்டும் பட்டியலின், கடைசி வரி பெயரைச் சொல்லும். அதைத்தான் எழுத வேண்டும், யூகித்து எழுதக் கூடாது.

தாண்டிப் போனவற்றை எண்ணுங்கள். தாண்டியது மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் நிரலை நிறுத்திவிடுங்கள். இந்த ஓர் இஃப் இருந்திருந்தால் என் பதினோரு நாள் ஒரே இரவாகியிருக்கும்.

எக்செப்ட் என்று மட்டும் எழுதி, வகையே சொல்லாமல் விட்டிருந்தால் இன்னொரு அறிகுறியும் சேரும்: கன்ட்ரோல் சி அழுத்தினாலும் நிரல் நிற்காது. அந்த விசை கிளப்பும் கீபோர்ட்இன்டரப்ட், எக்செப்ஷன் குடும்பத்துக்கு வெளியே, பேஸ்எக்செப்ஷனுக்கு நேர்க்கீழே இருக்கிறது, பொதுவாகப் பிடிபடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே. வகை சொல்லாத எக்செப்ட் அதையும் பிடித்துவிடும். பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் ஃபைனலிக்குள் ரிட்டர்ன் எழுதியிருந்தாலும் இதே மாதிரி பிழைகள் காணாமல் போகும், 3.14 அதற்கு எச்சரிக்கையே கொடுக்கிறது.

"லாகில் ஒரே ஒரு சொல் இருக்கிறது"

பிழை: 'தொகை'

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் இருக்கும். எக்செப்ஷனை சரமாக மாற்றி அச்சிட்டால் அதன் செய்தி மட்டும்தான் வரும், வகை வராது. கீஎரரின் செய்தி என்பது இல்லாத சாவியின் பெயர், மேற்கோள் குறிகளோடு. ஆக மேலே உள்ள வரிக்குப் பொருள்: எங்கோ ஒரு டிக்‌ஷனரியில் "தொகை" என்ற சாவி இல்லை. பிரிண்ட் செய்வதை விட்டுவிட்டு, எக்செப்டுக்குள் லாகரின் எக்செப்ஷன் என்ற முறையை அழையுங்கள். டிரேஸ்பேக் முழுவதும் வரும். பைத்தான் 3.11 அல்லது அதற்கு மேல் இருந்தால் வரிக்குள் எந்தத் துண்டு விழுந்தது என்பதற்கும் அடியில் குறி போட்டிருக்கும். ஒரே வரியில் மூன்று சதுர அடைப்புகள் அடுத்தடுத்து வரும் இடத்தில் அந்தக் குறி பெரிய நிம்மதி.

பிடித்ததை உங்கள் சொந்த வகையாக மாற்றி மேலே அனுப்பும்போது, ரெய்ஸோடு ஃப்ரம் சேர்த்து எழுதுங்கள். மூலப் பிழைதான் காரணம் என்று டிரேஸ்பேக்கிலேயே தெளிவாக வரும்.

"எக்செப்ட் சரியாகத்தான் இருக்கிறது. பிடிக்கவே மாட்டேன் என்கிறது"

இதற்கு மூன்று காரணங்களை வரிசையாகப் பாருங்கள்.

இரண்டு வகைகளை "ஆர்" போட்டு எழுதியிருக்கிறீர்களா? "வேல்யூஎரர் ஆர் கீஎரர்" என்பதைப் பைத்தான் முதலில் கணக்கிடும், விடை வேல்யூஎரர். இரண்டாவது கண்ணில் படாது. டியூப்பிளாக, அடைப்புக்குள் காற்புள்ளி போட்டு எழுதுங்கள்.

வேலை ட்ரைக்குள் நடக்கவே இல்லையா? இது பலரை ஏமாற்றும். ட்ரைக்குள் மேப்பையும் இன்ட்டையும் வைத்து ஒரு சரப் பட்டியலை எண்களாக்குகிறீர்கள், விடையை வெளியே ஒரு ஃபார் லூப்பில் சுற்றுகிறீர்கள். மேப் சோம்பேறி, அழைத்தபோது எதையும் மாற்றவில்லை, "கேட்டால் மாற்றித் தருகிறேன்" என்று வைத்துக்கொண்டது. முதல் இன்ட் ஓடுவதே ஃபார் லூப்பில், அங்கே ட்ரை இல்லை. மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் யீல்ட் இருக்கும் எந்த ஃபங்ஷனும் இப்படித்தான். ட்ரைக்குள்ளேயே லிஸ்ட்டாக மாற்றுங்கள், அல்லது லூப்பையும் சேர்த்து உள்ளே கொண்டுபோங்கள். ஒவ்வொன்றாகத் தப்பைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் மேப்பை விட்டுவிட்டு, சாதாரண லூப்புக்குள் இன்ட் வரிக்கு மட்டும் ட்ரை போடுவதுதான் நல்லது.

மேலே இருக்கும் எக்செப்ட் முந்திக்கொண்டதா? எக்செப்ட்கள் எழுதிய வரிசையில்தான் பார்க்கப்படும். ஓஎஸ்எரரை மேலேயும் ஃபைல்நாட்ஃபவுண்ட்எரரைக் கீழேயும் வைத்தால், இரண்டாவது அந்த வகையைச் சேர்ந்ததே என்பதால் கீழே உள்ளது ஒருநாளும் ஓடாது. குறுகியதை மேலே வையுங்கள். யூனிகோட்டீகோட்எரரும் ஜேசன்டீகோட்எரரும் வேல்யூஎரரின் கீழ் வருபவை என்பதும் இங்கே நினைவில் இருக்கட்டும்.

"நன்டைப்புக்கு அந்த அட்ரிபியூட் இல்லை என்கிறது"

சரம் ஒரு வடிவத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனின் மேட்ச் பொருந்தாவிட்டால் நன் தரும், அதன்மேல் குரூப்பை அழைத்தால் இந்த அட்ரிபியூட்எரர். ட்ரை போட்டு அட்ரிபியூட்எரரைப் பிடிக்காதீர்கள். எழுத்துப்பிழையாக அழைத்த முறையும் அதே பெயரில்தான் விழும். பொருந்தாமல் போவதை மேட்ச் ஏற்கெனவே நன் என்ற பதிலாகச் சொல்லிவிட்டது. இஃப் போட்டுக் கேளுங்கள்.

"பாதி வேலை முடிந்து நின்றுவிட்டது"

ஐம்பது கோப்புகளின் பெயரை மாற்றும் நிரல் முப்பதாவதில் விழுகிறது. எக்செப்ட் நன்றாகவே பிடித்தது, பிழையை அழகாகச் சொன்னது. ஆனால் இருபத்தொன்பது மாறியாயிற்று, இருபத்தொன்று மாறவில்லை. மறுபடி ஓட்டினால் மாறியவற்றின் பழைய பெயர் கிடைக்காமல் முதல் வரியிலேயே விழும்.

எக்செப்ஷன் நடந்ததைச் சொல்லும், நடந்ததைத் திருப்பாது. இங்கே முன்சோதனைக்கு இடம் இருக்கிறது: முதல் சுற்றில் ஐம்பதையும் பாருங்கள். புதிய பெயர் ஏற்கெனவே இருக்கிறதா, இரண்டு கோப்புகள் ஒரே பெயருக்குப் போகின்றனவா, எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லையென்றால்தான் இரண்டாம் சுற்று. அந்தச் சோதனை பழசாகிவிடாதா என்றால், ஆகலாம். அதனால் இரண்டாம் சுற்றிலும் ட்ரை இருக்க வேண்டும், எதுவரை வந்தோம் என்று குறித்தும் வைக்க வேண்டும். முன்சோதனை பெரும்பாலான சேதத்தைத் தவிர்க்கும், ட்ரை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தே வரும் இடம் இதுதான்.

டேட்டாபேஸ் என்றால் டிரான்ஸாக்‌ஷனை நம்புங்கள். ஒரே கோப்பைத் திருத்தி எழுதுவதென்றால், பக்கத்திலேயே தற்காலிகக் கோப்பாக முழுதும் எழுதிவிட்டு, கடைசியில் ஓஎஸ் மாட்யூலின் ரீப்ளேஸ் மூலம் பெயரை மாற்றுங்கள். நடுவில் விழுந்தாலும் பழைய கோப்பு பத்திரமாக இருக்கும்.

"ட்ரை போட்ட பிறகு மெதுவாகிவிட்டது"

ட்ரை இருப்பதாலேயே மெதுவாகாது. 2022இல் வந்த 3.11க்குப் பிறகு, எக்செப்ஷன் எழாதவரை ட்ரைக்கு ஏறக்குறைய செலவே இல்லை. எழும்போதுதான் செலவு: ஓர் ஆப்ஜெக்ட் உருவாக வேண்டும், டிரேஸ்பேக் சேர வேண்டும், பொருந்தும் எக்செப்டைத் தேட வேண்டும். ஆகவே எத்தனை முறை தவறுகிறது என்று முதலில் எண்ணுங்கள். லட்சம் வரிகளில் பத்து தவறினால் ட்ரையைத் தொடாதீர்கள், மெதுவுக்குக் காரணம் வேறெங்கோ. பாதி வரிகள் தவறினால், அந்த நிரலில் தவறுவதும் இயல்பான ஒரு பாதை. கெட், இன் போன்ற நேரடிக் கேள்விக்கு மாற்றி, டைம்இட் மூலம் இரண்டையும் உங்கள் தரவிலேயே அளந்து பாருங்கள். வேகத்துக்காகக் கோப்பு திறக்கும் இடத்தில் மறுபடி எக்ஸிஸ்ட்ஸைக் கொண்டுவர மட்டும் வேண்டாம். வட்டைத் தொடும் நேரத்தோடு ஒப்பிட்டால் எக்செப்ஷனின் செலவு மிகச் சிறிது, எக்ஸிஸ்ட்ஸ் வட்டை இன்னொரு முறை கேட்கப்போகிறது.